பளு ஏறும் இடத்தில் கொலாஜன்

கொலாஜன் பொடி இப்போது ஆண்களுக்கென்று தனி டப்பாவில் வருகிறது. மூட்டு, தசை, தோல், முடி, எலும்பு, தூக்கம், ஆண்மை என்று ஏழெட்டு வாக்குறுதிகள் ஒரே லேபிளில் அடுக்கப்பட்டிருக்கும். நாற்பதைத் தாண்டி, மாடிப்படி இறங்கும்போது முட்டி சத்தம் போடுவதைக் கவனிக்கத் தொடங்கிய ஒருவர் அந்த லேபிளைப் படித்துவிட்டு வெறுங்கையோடு கடையிலிருந்து திரும்புவது கடினம்.

அந்த வாக்குறுதிகளில் ஒன்றிரண்டுக்கு உண்மையான ஆதாரம் இருக்கிறது. சிலவற்றுக்கு அரைகுறையாக இருக்கிறது. மற்றவற்றுக்கு ஒன்றுமே இல்லை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், முதலில் கொலாஜன் என்ற புரதம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தக் கதை நம் ஊரில், கிண்டியில் தொடங்குகிறது.

1952இல் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் அவரை அழைத்து வந்திருந்தார். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனின் வடிவத்தை இன்னும் யாரும் திருப்தியாகச் சொல்லவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்தான், பதனிடுவதும் கொலாஜனைத்தான். ஆகவே மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்கள் மிகத் தெளிவாக வந்தன. அவற்றை வைத்து ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் மூன்று இழை வடிவத்தை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றையொன்று முறுக்கிச் சுற்றும் வடிவத்தை வெளியிட்டார்கள். அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் 1955இல் சில நுணுக்கங்களை மறுத்தார்கள். இழைகளுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் எத்தனை என்பதில் அவர்கள் சொன்னதே பின்னர் நிலைத்தது. ஆனால் மூன்று இழை முறுக்கு என்ற அடிப்படை சென்னையில் பிறந்தது. பல கொலாஜன் டப்பாக்களின் மேல் ஒரு முறுக்குப் படம் இருக்கிறதே, அது அந்த இரண்டு பேருடைய கண்டுபிடிப்பு. நம் பள்ளிப் புத்தகங்கள் அதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

தேங்காய் நார்க் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் கொலாஜன் பாதி புரிந்துவிடும். கயிற்றில் புரிகள் ஒரு பக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். அந்தப் புரிகள் சேர்ந்து எதிர்ப்பக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். இழுக்க இழுக்க ஒரு முறுக்கு இன்னொன்றை அவிழவிடாது. கொலாஜனிலும் ஒவ்வொரு இழையும் இடப்பக்கச் சுருள். மூன்றும் சேர்ந்து வலப்பக்கச் சுருள். ஒவ்வொரு இழையிலும் ஏறத்தாழ 1,000 அமினோ அமிலங்கள். இந்த முறுக்கின் நட்டநடுவில் இடம் மிகக் குறைவு. அங்கே அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டும்தான் நுழைய முடியும். அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தே ஆக வேண்டும். ஒரே ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேறொன்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோயுள்ள குழந்தைகளிடம் பார்க்கலாம். தூக்கும்போதே எலும்பு முறியும்.

மற்ற இடங்களில் புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் நிறைய உண்டு. இந்த ஹைட்ராக்சிபுரோலின்தான் முறுக்கை உடல் வெப்பத்தில் அவிழாமல் காக்கிறது. ஹைட்ராக்சிபுரோலினை உண்டாக்கும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். வைட்டமின் சி கிடைக்காத கப்பல் மாலுமிகளின் ஈறுகள் வீங்கி ரத்தம் கசிந்தன. பல ஆண்டுகளுக்கு முன் ஆறிய காயங்கள் மறுபடி வாய் திறந்தன. 1740களில் ஜார்ஜ் ஆன்சனின் கப்பல் பயணக் குறிப்புகளில் இந்தக் கொடுமை பதிவாகியிருக்கிறது. ஆறிய தழும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்த சுவர் அல்ல; உடல் அங்கே கொலாஜனைத் தொடர்ந்து உடைத்து, தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

நம் உடலின் மொத்தப் புரதத்தில் கால் பங்குக்கும் மேல் கொலாஜன். இதுவரை 28 வகைகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. தோல், எலும்பு, தசையை எலும்போடு கட்டும் தசைநாண், எலும்பை எலும்போடு கட்டும் ஜவ்வு ஆகியவற்றில் முதல் வகை அதிகம். மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் இரண்டாம் வகை.

இப்போது பொடிக்கு வருவோம். மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு, மீனின் தோல், செதில் இவற்றை வேக வைத்தால் மூன்று இழை முறுக்கு அவிழ்கிறது. அவிழ்ந்த கொலாஜனுக்கு ஜெலட்டின் என்று பெயர். ஆட்டுக்கால் சூப்பை ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் திறந்தால் பாத்திரத்தைச் சாய்த்தாலும் வழியாமல் கெட்டியாக நிற்கிறதே, அது ஜெலட்டின். வாயில் போட்டால் உருகிவிடும். உடல் வெப்பமே அதற்குப் போதும். இந்த ஜெலட்டினை நொதிகளால் மேலும் நறுக்கினால் தண்ணீரில் கரையும் பொடி கிடைக்கிறது. கடையில் கொலாஜன் பெப்டைடு என்று விற்பது அதைத்தான். செடிகளில் கொலாஜன் கிடையாது. தாவரக் கொலாஜன் என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் வைட்டமின் சியும் சில அமினோ அமிலங்களும் மூலிகைச் சாறுகளும் கலந்தவை. சைவம் சாப்பிடுகிறவர்கள் டப்பாவின் மேல் பச்சை வட்டமா, பழுப்பு முக்கோணமா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

ஜெலட்டின் நல்ல உணவா என்ற கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாரிஸில் டார்சே என்ற வேதியியலாளர் எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்து மருத்துவமனை நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் சூப்பாகக் கொடுக்கலாம் என்று சொன்னார். இறைச்சிக்கு ஈடானது என்று அதிகாரிகள் நம்பினார்கள். சூப்பைக் குடித்த நோயாளிகள் நம்பவில்லை. பிரெஞ்சு அறிவியல் கழகம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. உடலியலாளர் மஜாந்தி தலைமையிலான அந்தக் குழு 1841இல் அறிக்கை கொடுத்தது: ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் உயிர் பிழைக்கவில்லை. காரணம் பிற்பாடு தெரியவந்தது. உடல் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபன் கொலாஜனில் அறவே இல்லை.

இந்தப் பாடத்தை மறந்ததற்கு 1970களில் அமெரிக்கா விலை கொடுத்தது. உடல் எடையைக் குறைக்கும் திரவப் புரதம் என்று, வேறு உணவே இல்லாமல், கொலாஜன் சாற்றை மாதக்கணக்கில் குடிக்கும் பழக்கம் பரவியது. சுமார் 60 பேர் இறந்தார்கள். பலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போனது. ஆகவே சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கரண்டி கொலாஜன் என்பது ஒரு விஷயம். சாப்பாட்டுக்குப் பதில் கொலாஜன் என்பது முற்றிலும் வேறு விஷயம். எடையைக் குறைக்க நினைக்கும் எந்த ஆணும் இரண்டாவதைத் தொடக்கூடாது.

குடித்த கொலாஜன் நேராக முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்ளுமா? போகாது. வயிறும் சிறுகுடலும் அதை மற்ற எந்தப் புரதத்தையும் போலவே அமினோ அமிலங்களாக உடைத்துவிடும். பல மருத்துவர்கள் இத்தோடு பேச்சை முடித்து, பருப்பு சாப்பிட்டாலும் அதேதான் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு சின்ன விலக்கு இருக்கிறது. ஹைட்ராக்சிபுரோலின் சேர்ந்த சில இணைகள் செரிமானத்துக்கு எளிதில் மசிவதில்லை. புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் கைகோத்த இணை அப்படியே ரத்தத்துக்குள் வந்து சேர்வதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மனித ரத்தத்திலேயே அளந்து காட்டினார்கள். பருப்பிலோ முட்டையிலோ இந்த இணை கிடையாது. ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் தோல் செல்களுக்கு இதைக் கொடுத்தால் அவை சுறுசுறுப்பாகின்றன. கொலாஜன் துணுக்குகள் ரத்தத்தில் மிதந்தால், எங்கோ கொலாஜன் உடைந்திருக்கிறது, பழுது பார்க்க வேண்டும் என்று செல்கள் எடுத்துக்கொள்கின்றன என்பது ஒரு கருதுகோள். எனக்கு இது நம்பத்தகுந்ததாகவே படுகிறது. ஆனால் தட்டில் நடப்பது உடலிலும் நடக்கிறதா என்பதை மனிதர்களிடம் செய்த சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.

அங்கே போவதற்கு முன் ஒரு தடையைச் சொல்லியாக வேண்டும். 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 அளவு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 1963இல் தடை ஒப்பந்தம் வந்தபின் அது மெல்ல மெல்ல இறங்கியது. அந்தக் காற்றைச் செடி இழுத்தது, செடியை நாம் தின்றோம். ஆகவே உடலின் எந்தப் பகுதி எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதை அதிலுள்ள கார்பன்-14ஐ வைத்துச் சொல்லிவிடலாம். கோபன்ஹேகனில் கட்டியா ஹைனமையரும் அவருடைய கூட்டாளிகளும், 1945க்கும் 1983க்கும் இடையில் பிறந்து இறந்துபோனவர்களின் குதிகால் தசைநாணை எடுத்து அளந்தார்கள். 2013இல் வெளியான முடிவு திகைக்க வைப்பது. தசைநாணின் மையப் பகுதியில் இருந்த கார்பன், அந்த மனிதர் சுமார் 17 வயதை எட்டும் வரை காற்றில் இருந்த கார்பன். அதன்பின் அங்கே புதுப்பிப்பு என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. அதே ஆட்களின் தசையோ தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 2016இல் முட்டிக் குருத்தெலும்பையும் இதே முறையில் சோதித்தார்கள். அதன் கொலாஜனும் வளர்ச்சி முடிந்த வயதோடு நின்றுவிட்டது.

அப்படியென்றால், நாற்பத்தைந்து வயது ஆண் ஒருவரின் முட்டிக்குள் இருக்கும் கொலாஜன் அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் போட்டது. தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் என்று எந்த டப்பா சொன்னாலும் இந்த ஆய்வு அதற்கு எதிராக நிற்கிறது.

பிறகு எதற்குத்தான் இந்தப் பொடி? பதில் தசைநாணின் வெளிப்பகுதியில் இருக்கிறது. மையம் மாறாவிட்டாலும், பளு ஏறும்போது தசைநாணில் புதிய கொலாஜன் உருவாகிறது. தடகள வீரர்களின் குதிகால் நாண் மற்றவர்களுடையதைவிடப் பருமனாக இருக்கிறது. ஆண்களுக்கு இது மிகவும் வேண்டிய செய்தி. குதிகால் தசைநாண் அறுந்துபோவது பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம். அதிலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டவர்கள், வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிரிக்கெட்டோ ஷட்டிலோ ஆடுகிறவர்கள். ஷட்டிலை எடுக்க முன்னால் பாய்கிற அந்தக் கணத்தில் பின்னாலிருந்து யாரோ உதைத்தார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். அதன்பின் நுனிக்காலில் எழும்ப முடியாது.

தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் சத்துப் போய்ச் சேருவதும் மெதுவாகத்தான். பளு ஏறும்போது அதிலுள்ள நீர் பிழியப்படுகிறது, பளு இறங்கும்போது சுற்றுப்புறத்திலிருந்து நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் ரத்தத்தில் கிளைசினும் புரோலினும் நிறைந்திருந்தால்? இந்தக் கேள்வியை கலிபோர்னியாவின் கீத் பாரும் ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்தின் ஆய்வாளர்களும் சோதித்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில் எட்டு ஆரோக்கியமான ஆண்கள் கலந்துகொண்டார்கள். 48 மில்லிகிராம் வைட்டமின் சி கலந்த பானத்தில் ஒரு முறை 15 கிராம் ஜெலட்டின், ஒரு முறை 5 கிராம், ஒரு முறை ஒன்றுமில்லை. குடித்து ஒரு மணி நேரம் கழித்து ஆறு நிமிடம் ஸ்கிப்பிங். இப்படி நாளுக்கு மூன்று வேளை, மூன்று நாள். 15 கிராம் குடித்தபோது, புதுக் கொலாஜன் உற்பத்தியைக் காட்டும் அடையாளப் பொருள் ரத்தத்தில் இரு மடங்கானது. 5 கிராமுக்கு அப்படி ஏறவில்லை.

விளையாட்டு உலகம் இந்த முடிவைக் கொண்டாடியது. நான் சற்று நிதானமாகவே எடுத்துக்கொள்வேன். எட்டுப் பேர் என்பது மிகச் சிறிய கூட்டம். அந்த அடையாளப் பொருள் பெரும்பாலும் எலும்பிலிருந்து வருவது. தசைநாணில் நடந்ததை அது நேராகக் காட்டாது. எனினும் பின்னால் வந்த ஓர் ஆய்வு இதற்குக் கொஞ்சம் வலுச் சேர்த்தது. ஜெர்மனியில் 40 இளம் ஆண்கள் 14 வாரம் கெண்டைக்கால் பயிற்சி செய்தார்கள். பாதிப்பேருக்குத் தினமும் 5 கிராம் கொலாஜன் பெப்டைடு, பாதிப்பேருக்கு வெற்றுப் பொடி. 2022இல் வெளியான முடிவின்படி கொலாஜன் எடுத்தவர்களின் குதிகால் தசைநாண் கூடுதலாகப் பருத்திருந்தது. ஆனால் அதன் விறைப்பில் இரு குழுவுக்கும் வேறுபாடில்லை. இந்த இரண்டு ஆய்விலும் கவனிக்க வேண்டியது, உழைப்பு இல்லாமல் பொடி மட்டும் குடித்தவர் யாருமில்லை.

மூட்டு வலிக்கு வருவோம். 2008இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 147 விளையாட்டு வீரர்களிடம் 24 வாரம் சோதித்தார்கள். ஆண், பெண் இருபாலரும் அதில் இருந்தார்கள். நாளுக்கு 10 கிராம் எடுத்தவர்களுக்கு நடக்கும்போதும் நிற்கும்போதும் பளு தூக்கும்போதும் மூட்டு வலி மற்றவர்களைவிடக் குறைந்தது. குறைவு பெரிதல்ல, ஆனால் இருந்தது. செலவை ஏற்றது ஜெலட்டின் தயாரிக்கும் நிறுவனம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் இருந்த ஆதாரங்களையெல்லாம் பார்த்துவிட்டு, கொலாஜன் பெப்டைடு மூட்டைக் காக்கும் என்று லேபிளில் எழுத அனுமதி மறுத்தது. காரண-விளைவுத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இதே அலமாரியில் இன்னொரு சரக்கும் இருக்கும்: சிதைக்கப்படாத இரண்டாம் வகைக் கொலாஜன், கோழியின் மார்புக் குருத்தெலும்பிலிருந்து எடுத்தது. அதன் அளவு கிராமில் அல்ல, வெறும் 40 மில்லிகிராம். அது கட்டுமானப் பொருளாக வேலை செய்வதில்லை. குடலிலுள்ள நோய் எதிர்ப்புச் செல்களுக்கு அந்தப் புரதத்தைப் பழக்கி, மூட்டுக் குருத்தெலும்பின் மீது அவை காட்டும் சீற்றத்தைத் தணிப்பது நோக்கம். 191 பேரிடம் 180 நாள் செய்த சோதனையில் முட்டி வலி குறைந்ததாக 2016இல் முடிவு வந்தது. பொடி 10 கிராமில் வேலை செய்வது, இது 40 மில்லிகிராமில். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, மாத்திரையில் 40 மில்லிகிராம் பெப்டைடு வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. பெப்டைடா, சிதைக்கப்படாததா என்று லேபிளில் பார்க்க வேண்டும்.

தசை விஷயத்தில் ஆண்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். விற்பனையாளர்கள் எப்போதும் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 2015இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் சராசரியாக 72 வயதான, தசை கரைந்துவரும் 53 ஆண்களை 12 வாரம், வாரத்துக்கு மூன்று நாள் பளு தூக்க வைத்தார்கள். தினமும் 15 கிராம் கொலாஜன் எடுத்தவர்களுக்குக் கொழுப்பில்லா உடல் எடை 4.2 கிலோ கூடியது; வெற்றுப் பொடி எடுத்தவர்களுக்கு 2.9 கிலோ. கொழுப்பு முன்னவர்களுக்கு 5.4 கிலோ குறைய, பின்னவர்களுக்கு 3.5 கிலோ குறைந்தது. கண்ணைக் கவரும் எண்கள்தான்.

இந்த எண்களில் நான் முதலில் பார்ப்பது 2.9ஐ. எந்தப் புரதமும் கூடுதலாகக் கொடுக்காமல், 72 வயதில், மூன்றே மாதப் பயிற்சியில் கிட்டத்தட்ட மூன்று கிலோ. வீட்டில் இருக்கும் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் நாம் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். அடுத்து, ஒப்பிடுவதற்குக் கொடுத்த வெற்றுப் பொடி சிலிக்கா; அதில் புரதமே இல்லை. அதற்குப் பதில் இரண்டு முட்டை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த ஆய்வால் சொல்ல முடியாது. மூன்றாவது, கொழுப்பில்லா எடை என்றால் தசை மட்டுமல்ல. நீரும் இணைப்புத் திசுவும் அதில் சேர்த்தி.

நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. தசை வளரத் தொடங்குவதற்குத் தூண்டுகோலாக இருக்கும் அமினோ அமிலம் லியூசின். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனில் அது நூற்றுக்குப் பத்து அளவில் இருக்கிறது. கொலாஜனில் மூன்று அளவில்தான். கொலாஜனில் கூடுதல் லியூசின் கலந்து இரண்டையும் சமப்படுத்திய பிறகும், 10 வாரப் பயிற்சியின் முடிவில் தசையின் பருமனில் வே புரோட்டீன்தான் முந்தியது. இது 2022இல் வெளியானது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்குப் பின் 30 கிராம் கொலாஜன் கொடுத்துப் பார்த்தபோது, தசையைச் சூழ்ந்திருக்கும் இணைப்புத் திசுவின் உற்பத்திகூடக் கூடவில்லை. ஆகவே ஜிம்மில் புரதத்துக்கென்று செலவு செய்யும் பையன் கொலாஜனை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. லேபிளில் ஒரு ஸ்கூப்பில் 10 கிராம் புரதம் என்று போட்டிருக்கும். புரதத்தின் தரத்தை அளக்கும் வழக்கமான அளவுகோலில், டிரிப்டோபன் இல்லாத காரணத்தால், அதற்கு மதிப்பு பூஜ்யம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ ஆளுக்கு 54 கிராம். சோறும் சாம்பாரும் மட்டும் சாப்பிட்டு அந்த அளவை எட்டுகிறவர்கள் குறைவு. முட்டை, மீன், தயிர், சுண்டல், சோயா இவற்றால் அதை எட்டிய பிறகு கொலாஜனைப் பற்றி யோசிக்கலாம்.

தோல் பற்றிய ஆய்வுகள் எண்ணிக்கையில் அதிகம், ஆண்களுக்குப் பயன் குறைவு. 2021இல் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,125 பேர். அதில் 95 சதவீதம் பெண்கள். ஆணின் தோல் தடிப்பானது, அதில் கொலாஜன் அதிகம், வயதோடு சீராகக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் சடாரென்று இறங்குகிறது. ஆகவே அவர்களிடம் கண்ட முடிவை அப்படியே ஆணுக்குப் பொருத்துவது சரியல்ல. அந்த முடிவும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2025இல் 23 ஆய்வுகளை, 1,474 பேரை வைத்துச் செய்த தொகுப்பு, நிறுவனங்களின் பணம் பெறாத ஆய்வுகளில் தோலுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை என்று காட்டியது.

வருடக்கணக்காக அரைக்கைச் சட்டை போட்டு பைக் ஓட்டும் ஒருவர் சட்டைக் கையை மேலே சுருட்டிப் பார்த்தால் போதும். கோட்டுக்கு மேலே வழவழப்பான தோல். கீழே கறுத்து, சொரசொரத்து, சுருக்கம் விழுந்த தோல். இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டதும் கொலாஜனை வெட்டும் நொதிகள் தோலில் பெருகுகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் இதை விளக்கினார்கள். சிகரெட்டும் அதே வேலையைச் செய்கிறது. பின்லாந்தில் அளந்தபோது, புகைப்பவர்களின் தோலில் முதல் வகைக் கொலாஜன் உற்பத்தி 18 சதவீதமும் மூன்றாம் வகை 22 சதவீதமும் குறைந்திருந்தது. முழுக்கைச் சட்டையும் சிகரெட்டை விடுவதும் எந்தப் பொடியையும்விடத் தோலுக்கு நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சர்க்கரை நோயையும் இங்கே சொல்ல வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் அது கொலாஜன் இழைகளில் ஒட்டி அவற்றைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடியாமல் விறைக்கின்றன. நீண்டகாலச் சர்க்கரை நோயாளி சிலரை இரு கைகளையும் கும்பிடச் சொன்னால் உள்ளங்கைகளும் விரல்களும் ஒட்டாது. நடுவில் இடைவெளி தெரியும். தோள்பட்டை இறுகிப்போய்ச் சட்டை மாட்டக் கை பின்னால் போகாமல் தவிப்பதும் அவர்களுக்கு அதிகம் வருவது இதே காரணத்தால்தான். தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் இது நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இப்படி விறைத்த கொலாஜனை, புதிதாகக் குடிக்கும் கொலாஜன் இளக்காது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் விறைக்காமல் காக்கலாம்.

முடி, ஆண்மை ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்களின் வழுக்கை ஹார்மோனாலும் பரம்பரையாலும் வருவது. முடி கெராட்டின் என்ற வேறு புரதம். கொலாஜன் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. எலும்பு அடர்த்தி பற்றிய நல்ல ஆய்வு மாதவிலக்கு நின்ற பெண்களிடம் செய்தது.

பெரும்பாலோருக்குக் கொலாஜன் பொடியால் கெடுதல் இல்லை. வயிறு உப்புசம், வாயில் ஒரு மாதிரிச் சுவை, அவ்வளவுதான். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். ஹைட்ராக்சிபுரோலின் ஈரலில் உடையும்போது அதில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறுகிறது. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட். 30 கிராம் ஜெலட்டின் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் ஆக்சலேட் கணிசமாக ஏறியதை 2006இல் அளந்திருக்கிறார்கள். கல் பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம் வருவது. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்யும் நம் ஊர் ஆண்களுக்கு ஆபத்து இன்னும் கூடும். ஒருமுறை கல் வந்தவர் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கக்கூடாது. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கும் அதே.

இத்தனைக்கும் பிறகு, குதிகாலிலோ முட்டிக்குக் கீழேயோ தசைநாண் வலியுள்ள, கல் தொந்தரவு இல்லாத ஓர் ஆண் முயன்று பார்க்க விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். 10 முதல் 15 கிராம் போதும். மேலே சொன்ன 48 மில்லிகிராம் வைட்டமின் சிக்கு ஒரு கொய்யாப்பழத்தில் கால் பங்கு தாராளம். குடித்து ஒரு மணி நேரம் கழித்து, வலிக்கும் அந்தத் தசைநாணுக்கே வேலை கொடுக்க வேண்டும். படியின் விளிம்பில் நுனிக்காலை ஊன்றி, குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் காட்டிக்கொடுப்பார். கால் வலிக்குக் கையால் பளு தூக்கிப் பயனில்லை. பொடிக்குப் பதில் ஆட்டுக்கால் சூப்பை நம்புவதில் ஒரு சிக்கல், அதில் எவ்வளவு கொலாஜன் என்பது காலுக்குக் கால், கொதிக்கும் நேரத்துக்கு நேரம் மாறும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2019இல் பல எலும்புச் சூப்புகளை அளந்துவிட்டு, அளவு நிலையாக இல்லை என்றே சொன்னார்கள். ஆனால் சமையலுக்கு விற்கும், சர்க்கரையும் நிறமும் சேர்க்காத ஜெலட்டின் பொடி போதும். 2017 ஆய்வில் கொடுத்ததும் ஜெலட்டின்தான், விலை உயர்ந்த பெப்டைடு அல்ல.

மூன்று மாதம் கழித்தும் வலி அப்படியே இருந்தால் பொடியை நிறுத்திவிடலாம். பயிற்சியை நிறுத்த வேண்டாம்.